எத்தனை, எவ்வளவு: ஆங்கில வகுப்பில் சொல்லித்தராத இரண்டு தமிழ்ச் சொற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கில இலக்கணக் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். எண்ணக்கூடிய பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'மெனி', 'ஃபியூ'. எண்ண முடியாத பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'மச்', 'லிட்டில்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். கட்டத்துக்குள் இருந்தவை சரியானவை. 'எண்ண முடியாத' என்ற தலைப்புத்தான் சரியில்லை. அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் நானும் பாடம் நடத்தினேன். அதனால் பிள்ளைகள் எப்படிக் குழம்பினார்கள் என்பதைக் கண்ணால் கண்டவள் என்பதால், இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் ஒருமுறை இருபது சொற்களைக் கரும்பலகையில் எழுதி, எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்று பிரிக்கச் சொன்னேன். ஒரு பையன் 'ஸ்டார்' என்பதை எண்ண முடியாதவற்றில் எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். "வானத்து நட்சத்திரத்தை யாரால் எண்ண முடியும், டீச்சர்?" என்று கேட்டான். அதே பையன் 'மணி' என்ற ஆங்கிலச் சொல்லை, அதாவது பணத்தை, எண்ணக்கூடியவற்றில் சேர்த்திருந்தான். அவன் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். ராத்திரி கடையை அடைத்ததும் கல்லாப் பணத்தை எண்ணுவது அவனுடைய வேலை. "தினமும் நான்தானே எண்ணுகிறேன்" என்றான். அதையும் அடித்தேன். நான் கொடுத்த தலைப்பின்படி பார்த்தால் அவன் எழுதிய இரண்டும் சரி. தமிழில் 'எண்ண முடியாத' என்றால் எண்ணி மாளாத என்றுதான் பொருள். ஆங்கில இலக்கணம் சொல்லவந்தது அதுவே இல்லை. இது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்தப் பையனிடம் போய் நீதான் சரி என்று சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு பொருளை எண்ண முடியுமா, முடியாதா என்பது இங்கே கேள்வி இல்லை. ஒரு மொழி அந்தப் பொருளைத் தனித்தனி உருப்படியாகப் பேசுகிறதா, திரளாகப் பேசுகிறதா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்துக்குப் பெரிய இலக்கணம் எழுதிய ஓட்டோ யெஸ்பெர்சன், திரளாகப் பேசப்படும் சொற்களை 'மாஸ் வேர்ட்' என்றார். திரள்சொல் என்று நாம் சொல்லலாம். அவர் டென்மார்க்காரர். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி இல்லை. அவருடைய டேனிஷ் மொழியிலும் எண்ணிக்கைக்கு ஒரு சொல், அளவுக்கு ஒரு சொல் என்று தனித்தனியே உண்டு.

நமக்கும் உண்டு! இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 'ஹவ் மெனி' என்றால் எத்தனை, 'ஹவ் மச்' என்றால் எவ்வளவு. எத்தனை மாடு, எவ்வளவு பால். எத்தனை முறை, எவ்வளவு நேரம். எத்தனை வேலையாட்கள், எவ்வளவு வேலை. 'டைம்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் முறைக்கும் வரும், நேரத்துக்கும் வரும்; எங்கே 'மெனி', எங்கே 'மச்' என்று பட்டம் பெற்றவர்களே தடுமாறுவார்கள். தமிழில் கேட்டுப் பார்த்தால் ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தடுமாற்றம் இருக்காது. பெட்டிக்கடைப் பையனின் பணத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. எவ்வளவு பணம் என்று கேட்கிறோம், எத்தனை நோட்டு என்று கேட்கிறோம். எத்தனை பணம் என்று இன்று யாரும் கேட்பதில்லை. நட்சத்திரம் கோடிகோடியாக இருந்தாலும் எத்தனை நட்சத்திரம்தான். இதை அன்று நான் சொல்லியிருந்தால் சிவப்பு மைக்கு வேலையே இருந்திருக்காது.

என் அப்பா மன்னார்குடிப் பக்கத்தில் குத்தகை விவசாயி. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. மரக்காலால் நெல்லை அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று சொல்லிப் போட்டுவிட்டு, அடுத்ததை 'இரண்டு' என்பார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வரப்பில் போகிறவர்கள் அப்பாவிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "கண்டுமுதல் எவ்வளவு?" என்பது முதல் கேள்வி; மொத்த விளைச்சலைத்தான் கண்டுமுதல் என்பார்கள். "மாவுக்கு எத்தனை கலம்?" என்பது இரண்டாவது; மா என்பது நில அளவு. நெல்லுக்கு எவ்வளவு, கலத்துக்கு எத்தனை. பள்ளிக்கூடம் போகாத அவர்கள் ஒருநாளும் இதை மாற்றிக் கேட்டதில்லை. 'ஹவ் மச் பேடி', 'ஹவ் மெனி பேக்ஸ்' என்பதும் இதே இலக்கணம்தான். திரளாக இருப்பதை ஒரு அளவையால் அளந்துவிட்டால், அந்த அளவையை எண்ணலாம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு படித்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நம் இலக்கண ஆசிரியர்கள் அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்காக வகுத்தார்கள். எண்ணுவது, நிறுப்பது, முகப்பது, நீட்டி அளப்பது. ஆங்கிலத்தின் 'மெனி'யும் 'ஃபியூ'வும் எண்ணலுக்கு மட்டும் உரியவை. நிறுக்கிற வெல்லம், முகக்கிற எண்ணெய், நீட்டி அளக்கிற துணி எல்லாம் 'மச்', 'லிட்டில்' பக்கம். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு வாய் தண்ணீர், ஒரு பிடி சோறு என்று நாம் சொல்வதைப் போலத்தான் அவர்கள் 'எ பின்ச் ஆஃப் சால்ட்' என்கிறார்கள்.

சரி, 'எ ஃபியூ'வுக்கும் 'ஃபியூ'வுக்கும், 'எ லிட்டி'லுக்கும் 'லிட்டி'லுக்கும் வருகிறேன். அந்த ஒற்றை 'எ' இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வேறுபாடு என்று விளக்க, நேர்மறை, எதிர்மறை என்றெல்லாம் வழிகாட்டி நூல்கள் அரைப்பக்கம் எழுதுகின்றன. தமிழில் ஓர் ஏகாரம் இதைச் செய்துவிடுகிறது. சிலர் வந்தார்கள் என்றால் 'எ ஃபியூ'. சிலரே வந்தார்கள் என்றால் 'ஃபியூ'. கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம்: 'எ லிட்டில்'. கொஞ்சமே இருக்கிறது, போதாது: 'லிட்டில்'. அவர்கள் ஓர் எழுத்தை எடுத்துவிட்டுச் சொல்வதை நாம் ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்கிறோம்.

இது வெறும் தேர்வு மதிப்பெண் சார்ந்த விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மாணவி ஒருத்தி செவிலியராக இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரவுப் பணியில் ஒரு நோயாளி கொஞ்சம் தண்ணீர் குடித்தார் என்பதைக் குறிப்பேட்டில் 'லிட்டில் வாட்டர்' என்று எழுதிவிட்டாள். நோயாளி சரியாகத் தண்ணீரே குடிக்கவில்லை என்று காலையில் வந்த மருத்துவர் எடுத்துக்கொண்டார். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றச் சொன்ன பிறகுதான், அரை டம்ளர் குடித்தார் என்று இவள் வாயால் சொல்லித் தெளிவானது. யாருக்கும் கெடுதல் நேரவில்லை. ஆனால் அன்று மாலை அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நான் என்ன தப்பு எழுதினேன் டீச்சர்?" என்று கேட்டபோது குரல் நடுங்கியது. பத்தாம் வகுப்பில் அவளுக்கு அந்தப் பாடத்தை நடத்தியவள் நான். 'கொஞ்சம்', 'கொஞ்சமே' என்று ஒரே வரியில் அன்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள்.

தமிழ் எல்லா இடத்திலும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. விலகும் இடங்களையும் சொல்லித்தர வேண்டும். பத்து மாம்பழம், நான்கு மாடு என்று நாம் 'கள்' இல்லாமலே பேசலாம். ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவான இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று தமிழாசிரியர் கற்பித்தது நினைவிருக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. நம் பிள்ளைகள் 'மெனி புக்' என்று எழுதுவது கவனக்குறைவால் அன்று, தமிழ்ப் பழக்கத்தால். இதை அறிந்து திருத்துகிற ஆசிரியருக்கும், கவனமில்லை என்று திட்டுகிற ஆசிரியருக்கும் வேறுபாடு இருக்கிறது.

இன்னொரு பள்ளம், தகவல், அறிவுரை, செய்தி, வீட்டுப்பாடம், சான்று போன்ற சொற்கள். இவை தமிழில் 'எத்தனை'யின் பக்கம். ஆங்கிலத்தில் 'எவ்வளவு'வின் பக்கம். அதனால்தான் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'ஹோம்வொர்க்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 'ஃபர்னிச்சர்', 'ஜுவல்லரி', 'லக்கேஜ்' ஆகிய மூன்றுக்கு மட்டும் பின்னாளில் ஒரு வழி கிடைத்தது. நகைநட்டு, தட்டுமுட்டு, மூட்டைமுடிச்சு என்று நம்மிடம் இணைச்சொற்கள் இருக்கின்றன அல்லவா? ஒரு நகை என்போம். ஒரு நகைநட்டு என்போமா? பெண் வீட்டில் நகைநட்டு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். 'ஜுவல்லரி' என்பது நகை இல்லை, நகைநட்டு. 'லக்கேஜ்' என்பது பெட்டி இல்லை, மூட்டைமுடிச்சு. இதைச் சொன்ன நாளில் ஒரு சிறுமி தானாகவே, "அப்படியானால் ஃபர்னிச்சர் தட்டுமுட்டுச் சாமான், டீச்சர்" என்றாள். வாழ்நாள் முழுவதும் கற்பித்தவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

எவ்வளவு பேர் வந்தார்கள் என்று இப்போது பேச்சில் பலரும் சொல்கிறார்கள்; செய்தித்தாள்களிலும் பார்க்கிறேன். எத்தனை அழகு என்று வியப்பாகச் சொல்லும் வழக்கும் பழமையானதுதான். இவற்றைக் காட்டி என்னை மறுக்கலாம். மொழியில் எல்லை கொஞ்சம் முன்னே பின்னே நகர்வது இயல்பு. ஆங்கிலத்திலும் அப்படித்தான். பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்ற பழைய சொல் நம் அரிசியைப் போல ஒரு திரளுக்குப் பெயராக இருந்தது. அதன் கடைசி ஒலியைப் பன்மை என்று மக்கள் எண்ணிக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டில் 'பீ' என்ற ஒருமையை வெட்டி எடுத்தார்கள். பட்டாணி மாறவில்லை, அதைப் பேசும் முறைதான் மாறியது.

'குறைவு' என்பதற்கு 'லெஸ்' சொல்வதா, 'ஃபியூவர்' சொல்வதா என்ற விவகாரத்தில் ஆங்கிலேயர்களே ஒருமனதாக இல்லை. எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்'தான் பொருத்தம் என்று ராபர்ட் பேக்கர் என்பவர் 1770-இல் எழுதியது அவருடைய சொந்த விருப்பம். பின்னால் வந்தவர்கள் அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். பிரிட்டனின் டெஸ்கோ கடைகளில் 'பத்துப் பொருள் அல்லது அதற்குக் குறைவு' என்ற பலகையில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்று வாதம் எழுந்து, 2008-இல் 'பத்துப் பொருள் வரை' என்று மாற்றி எழுதத் தொடங்கினார்கள். ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவு, நூறு ரூபாய்க்குக் குறைவு என்னும்போது எண் இருந்தாலும் 'லெஸ்'தான் இயல்பு; அங்கே மனத்தில் நிற்பது தூரமும் தொகையும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து. எதுவும் நினைவுக்கு வராதபோது 'எ லாட் ஆஃப்' என்று எழுதச் சொல்லுங்கள். அது நம் 'நிறைய' போன்றது. நிறையப் பேர், நிறையத் தண்ணீர், இரண்டுக்கும் பொருந்தும்.

ஆங்கில வகுப்பில் தமிழே கேட்கக் கூடாது என்ற எண்ணம் பல பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. எங்கள் தெருவில் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் ஆறாம் வகுப்புக் குழந்தை, 'ஹவ் மச் சிஸ்டர்ஸ்' என்று எழுதித் திருத்து வாங்கி வந்தது. "உனக்கு எத்தனை அக்கா?" என்று தமிழில் கேட்டேன். "இரண்டு" என்றது. "எவ்வளவு அக்கா என்று நான் கேட்டால்?" என்றதும் சிரித்துவிட்டது. அடுத்த பத்துக் கேள்விகளையும் பிழையில்லாமல் எழுதியது. அந்தச் சிரிப்பை வகுப்பறைக்குள் வர விடாமல் தடுப்பதால் ஆங்கிலத்துக்கு என்ன ஆதாயம்?

உங்களிடமும், பாடநூல் எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது சிறிய திருத்தம்தான். 'எண்ணக்கூடிய', 'எண்ண முடியாத' என்ற தலைப்புகளை எடுத்துவிட்டு 'எத்தனைப் பெயர்', 'எவ்வளவுப் பெயர்' என்று போடுங்கள். கலைச்சொல்லாக வேண்டுமென்றால் உருப்படிப்பெயர், திரள்பெயர் என்று வையுங்கள். தமிழும் ஆங்கிலமும் விலகும் சொற்களைத் தனியாக ஒரு பெட்டியில் கொடுங்கள். அப்படிப்பட்ட அறுபது சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாணவர் பக்கத்துக்குப் பயன்படும் என்றால் படி எடுத்து அனுப்பிவைக்கிறேன். வாரத்துக்கு ஐந்து சொல் போட்டாலும் மார்ச் மாதத் தேர்வுக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மன்னார்குடி.