2025-ஆம் ஆண்டறிக்கை: படத்துக்கு முன்னால் வரும் பெயர்கள்

எல்லோருக்கும் வணக்கம். தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், சந்தா கட்டியவர்கள், கட்டாமலே வருடம் முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், யாரையும் விடவில்லை. குன்னூரில் நடக்கும் நம் திரைப்படச் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் படிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார், அதனால் பண விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயைத் திறப்பேன், அது எந்த இடம் என்று செயற்குழுவுக்குத் தெரியும்.

வழக்கமாக ஒரு இயக்குநரையோ ஒரு நாட்டையோ எடுத்துக்கொண்டு வருடத்தை ஓட்டுவோம். போன பொதுக்குழுவில் அது வேண்டாம், இந்த முறை படங்களை வாங்கி வெளியிடுகிற கம்பெனிகளின் கதையைப் பார்ப்போம் என்று முடிவானது. படம் தொடங்கும் முன் சில நொடிகள் வந்துபோகும் முத்திரைகள், நாம் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருக்கும்போது ஓடிவிடும் பெயர்கள், அவைதான் பாடம். சில பேர் முகம் சுளித்தார்கள். "வியாபாரம் பேசவா சங்கம்?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். வருடம் முடிந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: நாம் கொண்டாடுகிற படங்களில் பாதி, எங்கோ ஒரு ஆபீஸில் ஒருவர் துணிந்து கையெழுத்துப் போட்டதால் மட்டுமே நம் கண்ணுக்கு வந்தவை. அந்த ஆபீஸ்கள் எப்படி நிமிர்கின்றன, எப்படிக் கவிழ்கின்றன என்று தெரியாமல் கலைப்படம் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுதான்.

முதலில் மிராமாக்ஸ். 1979-இல் வைன்ஸ்டீன் சகோதரர்கள் தொடங்கியது, 1993-இல் டிஸ்னி வாங்கியது, 1994-இல் 'பல்ப் ஃபிக்ஷன்' வந்து சின்னச் செலவில் பெரிய வசூல் என்ற ஆசையை ஹாலிவுட் முழுக்கப் பரப்பியது. அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு பெரிய ஸ்டுடியோவும் தனக்கென ஒரு கலைப்படப் பிரிவு வைத்துக்கொள்ளத் துடித்தது. சகோதரர்கள் 2005-இல் வெளியேறினார்கள், 2010-இல் டிஸ்னி அதை விற்றுவிட்டது. ஹார்வி வைன்ஸ்டீன் பெண்களுக்குச் செய்த கொடுமைகள் 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தன, அவர்களுடைய புதுக் கம்பெனி அடுத்த வருடமே திவாலானது. இதைப் பேசிய மாலையில் கூட்டம் சூடானது, படத்தையும் ஆளையும் பிரிக்க முடியுமா என்ற பழைய சண்டைதான். மின்சாரம் போனதால் பாதியில் நின்றது, மறுபடி தொடங்க யாருக்கும் ஆசை இல்லை.

எல்லோரும் அதிகம் பேசியது 2008 பற்றி. அந்த வருடம் மே மாதம் வார்னர் பிரதர்ஸ் தன் கலைப்படப் பிரிவான வார்னர் இண்டிபெண்டண்ட் பிக்சர்ஸை மூடப்போவதாக அறிவித்தது, கூடவே அதேபோன்ற இன்னொரு பிரிவான பிக்சர்ஹவுஸையும். பாரமவுண்டின் கலைப்படப் பிரிவான பாரமவுண்ட் வான்டேஜும் அதே வருடம் தாய்க் கம்பெனிக்குள் கரைந்துபோனது. இப்படி மூடப்பட்ட வார்னர் இண்டிபெண்டண்டின் அலமாரியில் மும்பையில் எடுக்கப்பட்ட ஒரு படம் இருந்தது, தியேட்டருக்கே அனுப்பாமல் நேராக டிவிடியில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். ஃபாக்ஸின் கலைப்படப் பிரிவான ஃபாக்ஸ் சர்ச்லைட் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் 'ஸ்லம்டாக் மில்லியனர்'. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம் 8 ஆஸ்கார் வாங்கியது, அதில் இரண்டு ஏ.ஆர். ரஹ்மானுக்கு. 2009 பிப்ரவரியில் அவர் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது நாம் எல்லோரும் டிவி முன்னால் கைதட்டினோமே, அந்தப் படம் கொஞ்சம் தவறியிருந்தால் டிவிடி கடையில் தூசி தின்றிருக்கும். எனக்கு அந்தப் படம் பெரிதாகப் பிடிக்காது, அது வேறு. ஆனால் இந்தக் கதையைச் சொன்னதும் வியாபாரம் வேண்டாம் என்றவரே அடுத்த மாதம் என்ன கம்பெனி என்று கேட்க ஆரம்பித்தார்.

சர்ச்லைட்டுக்கும் பின்னால் மாற்றம் வந்தது. டிஸ்னி 2019-இல் ஃபாக்ஸை வாங்க, மறுவருடம் ஃபாக்ஸ் என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது. இதற்கு நேர் எதிராக சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ், 1992-இலிருந்து மைக்கேல் பார்க்கரும் டாம் பெர்னார்டும் நடத்திவருகிறார்கள், பெரிய பந்தயம் கட்டுவதில்லை, சிக்கனமாக வாங்கி நிதானமாக ஓட்டுகிறார்கள். நம்முடைய 'தி லஞ்ச்பாக்ஸ்' படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது அவர்கள்தான். பெரிய முதலாளியின் கீழே இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது எப்படி என்று நம் வங்கி ஓய்வாளர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். சுருக்கம்: நஷ்டம் வந்தாலும் சின்ன நஷ்டமாகவே வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இளைஞர்கள் காத்திருந்தது ஏ24, நியான் என்ற இரண்டு புதுக் கம்பெனிகளுக்கு. ஏ24 நியூயார்க்கில் 2012-இல் தொடங்கியது. சொந்தமாகத் தயாரித்த 'மூன்லைட்' 2017-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது, 2022-இல் வந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' அந்தக் கம்பெனிக்கு உலக அளவில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படமானதோடு 2023-இல் 7 ஆஸ்காரும் வாங்கியது. முதலீட்டாளர்கள் வந்தார்கள், மதிப்பு நூறு கோடிகளில் ஏறியது, படங்களின் செலவும் கூடவே ஏறியது. இந்த வருடம் 'தி ஸ்மாஷிங் மெஷின்' ஏறக்குறைய 5 கோடி டாலர் செலவில் வந்து போட்ட காசைத் தியேட்டரில் எடுக்க முடியாமல் விழுந்தது. 2 கோடி வசூல் வந்தால் திருவிழா கொண்டாடிய கம்பெனிக்கு இப்போது அதே வசூல் தோல்வி. என் கவலை இதில்தான் இருக்கிறது, செலவு ஏறினால் துணிச்சல் இறங்கும், மிராமாக்ஸுக்கும் அதுதான் நடந்தது. இளைஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை.

நியான் 2017-இல் வந்தது. 2019-இன் 'பாரசைட்' தொடங்கி இந்த வருடம் வந்த ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் படம் வரை, கான் விழாவின் தங்கப்பனை விருது வாங்கிய ஆறு படங்களை வரிசையாக அமெரிக்காவில் வெளியிடும் உரிமை அவர்களிடம். 2020-இல் மட்டும் கொரோனாவால் விழாவே நடக்கவில்லை. 'அனோரா' 60 லட்சம் டாலர் படம், இந்த மார்ச்சில் 5 ஆஸ்கார், எடுக்க ஆனதைவிட விளம்பரத்துக்கும் விருதுப் பிரச்சாரத்துக்கும் பல மடங்கு செலவானதாகச் செய்திகள் வந்தன. சரி, அந்தக் காசு எங்கிருந்து? 2024-இல் 'லாங்லெக்ஸ்' என்ற பேய்ப்படம் 1 கோடி டாலருக்கும் குறைவாக எடுத்து உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் அள்ளியது. பேய்தான் பனாஹிக்குச் சோறு போடுகிறது என்று யாரோ கத்தினார்கள், ஹால் சிரித்து அடங்க நேரமானது. இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை நாம் ஹாலில் போடவில்லை. உரிமை கிடைக்கவில்லை, 'அனோரா' போன்றவற்றைப் பிள்ளைகள் வரும் இடத்தில் போடவும் முடியாது. வீட்டில் பார்த்துவிட்டு ஹாலில் பேசுவது என்ற ஏற்பாடு நடந்தது, பார்க்காமல் வந்து பேசியவர்கள்தான் அதிகம் பேசினார்கள்.

அப்புறம் நம் ஊருக்கு வந்தோம். அரசாங்கம் 1960-இல் திரைப்பட நிதிக் கழகம் தொடங்கியது, அந்தக் கடனில்தான் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' வந்தது. பின்னால் அது தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்தது. தமிழில் அந்தக் கழகத்தின் காசில் வந்த 'மறுபக்கம்', இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சிவெயில்' கதை, கே.எஸ். சேதுமாதவன் இயக்கம், சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய முதல் தமிழ்ப்படம். ஹாலில் கைதூக்கச் சொன்னோம், தியேட்டரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் சிலர். எடுக்கக் காசு கொடுத்த அரசாங்கத்துக்கு ஓட்டத் தியேட்டர் இல்லை, அந்தக் காலத்துக் கலைப்படங்கள் பலவற்றின் கதை இதுதான். 'வீடு' படத்தின் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டதே என்று பாலுமகேந்திரா கடைசிக் காலத்தில் வருந்தினார், 'மூன்றாம் பிறை'யை நம் பக்கத்துக் கேத்தி ஸ்டேஷனில் முடித்த மனிதர், நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இன்றைக்குத் தமிழில் கலைப்பட ஸ்டுடியோ என்று தனியாக ஒன்றும் இல்லை, அந்த வேலையை நடிகர்கள் தங்கள் சொந்தக் காசில் செய்கிறார்கள். 'காக்கா முட்டை'க்குப் பின்னால் தனுஷும் வெற்றிமாறனும், 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி, 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயன். பாராட்ட வேண்டிய விஷயம், ஆனால் ஒரு நடிகரின் மனசு மாறினால் கதவு மூடிவிடும் என்பதும் உண்மை. 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கியது, இந்தியாவின் ஆஸ்கார் பரிந்துரையாகவும் போனது, நாம் பார்க்க 2023 அக்டோபர் ஆனது, அதுவும் ஓடிடியில். அதே இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' பெர்லின் விழாவுக்குப் போய்விட்டு 2024 ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது, பின்னணி இசையே இல்லாத படம், அதே நாளில் மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது. இரண்டாவது வாரம் கீழே கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த நம் ஆட்கள், படத்தைத் தூக்கிவிட்டதால் பார்க்காமலே திரும்பி வந்த கதையை இந்த வருடக் கூட்டத்தில் மறுபடி கேட்டோம். இதுபோன்ற படத்தைத் தியேட்டரில் போட்டதே தவறு என்று அப்போது சிலர் பேசினார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நாலு ஊரில் மட்டும் போட்டு, கூட்டம் பார்த்து ஊர்களைக் கூட்டுவதுதான் அமெரிக்காவில் இந்தக் கம்பெனிகள் செய்யும் முறை. இங்கே முதல் வெள்ளிக்கிழமையே எல்லா ஊரிலும் இறக்கி, திங்கட்கிழமை தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஜூலையில் நடந்த கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டி எச்.பி.எஃப்-இல் வேலை பார்த்த நம் உறுப்பினர் ஒருவர் பேசினார். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் உருவாகி 1967-இல் உற்பத்தி தொடங்கிய மத்திய அரசு ஆலை, கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கே தயாரானது. குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால் மலைக்கு வந்த ஆலை. பூச்சு வேலை முழுக்க இருட்டில், எதிரே வருகிறவரைக் காலடிச் சத்தத்தில் அடையாளம் தெரியுமாம். சினிமா வண்ணத்துக்கு மாறியபோது பின்தங்கியது, 1996-லேயே நலிந்த நிறுவனம் என்று அறிவித்துவிட்டார்கள், மிச்சத்தை டிஜிட்டல் முடித்தது. கலைப்படம் எடுப்பவர்களுக்கு மலிவான உள்நாட்டு ஃபிலிம் எவ்வளவு பெரிய உதவி என்று அவர் சொன்னபோதுதான், நம் மலைக்கும் இந்த வருடத் தலைப்புக்கும் இவ்வளவு நெருக்கம் இருந்தது பலருக்கு உறைத்தது. அந்தப் பேச்சைப் பதிவு செய்திருக்கிறோம், வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. மே மாதம் சீசன் நெரிசலால் கூட்டம் இல்லை. கீழேயிருந்து வரவிருந்த பேச்சாளர் இ-பாஸ் எடுக்க மறந்து வராமல் போனார். அக்டோபர் மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் என்ன செய்வது என்று பயந்து ஒரு கூட்டத்தைத் தள்ளிவைத்தோம். இரவில் கரடி நடமாட்டம் இருப்பதால் எட்டு மணிக்குள் முடிப்பது என்ற விதி தொடர்கிறது, நீளமான படங்களை நாலரைக்கே தொடங்குவோம். யுபிஎஸ் பேட்டரி மாற்றியாயிற்று.

இப்போது அந்த ஒரு இடம். இந்த வருடம் செயற்குழுவில் பெரிய சண்டை, ஹாலில் போடும் படத்துக்குக் காசு கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா என்று. டெலிகிராமில் கிடைப்பதற்கு ஏன் செலவு என்று கேட்டவர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது, நம் சந்தாவில் வருவது டீக்கும் ஹால் வாடகைக்குமே இழுபறி. ஆனால் சின்னக் கம்பெனிகள் ஏன் மூடப்பட்டன என்று வருடம் முழுக்கப் பேசிவிட்டு, பென் டிரைவில் திருட்டுப் பிரதியைச் சொருகி உட்கார்ந்தால் நம்மைவிடக் கேலிக்கூத்து யாரும் இல்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் திரையிடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது, ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான். அதற்குப் பிறகு ஒரு இளம் தமிழ் இயக்குநருக்கு எழுதினோம், மிகக் குறைந்த தொகைக்குப் படம் கொடுத்ததோடு முடிந்ததும் தொலைபேசியில் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். இந்த வருடத்தின் மிகப் பெரிய கூட்டம் அன்றுதான்.

அடுத்த வருடம் இதே போக்கில் கலைப்பட ஓடிடியான முபியையும் மற்ற ஓடிடி நிறுவனங்களையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய பாயல் கபாடியா படத்துக்குப் பிரான்ஸ் காசு எப்படி வந்தது, இங்கே ராணா டகுபதியின் கம்பெனி ஏன் எடுத்தது என்று தொடங்கலாம். வேறு யோசனை இருந்தால் இப்போதே எழுந்து சொல்லுங்கள். அனுமதித் தொகைக்காகச் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்தும் தீர்மானத்தைப் பொருளாளர் அடுத்து முன்மொழிவார், ஓட்டெடுப்பு முடியும் வரை யாரும் டீக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்