ஆயாக்கொட்டகைக்கு எதிர்த்தாப்போல

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஞாயிறு, விடிகாலை

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்தபோது மணி ஒன்றரை. அம்மா அப்படியே தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்று எடுத்தேன். என் கட்டைவிரலுக்கும் அந்தக் குட்டி எழுத்துகளுக்கும் ஒத்துவராது. அதனால் நோட்டில் எழுதுகிறேன், காலையில் தம்பி படம் பிடித்து அனுப்புவான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

"தமிழ்ப்பிள்ளதான நீ? வண்டிய அனுப்புன்னா உக்காந்து கதை கேக்குற" என்று 999-க்குக் கூப்பிட்ட அந்தப் பெரியவர் உன்னை ஏசியதைச் சொல்லி அழுதாய். ஏச்சு வாங்கியதற்கு நீ அழுகிற ஆள் இல்லை, எனக்குத் தெரியும். பாதி முகவரி சொன்ன கையோடு அவர் போனை வைத்துவிட்டாரே, அதுதான் உன்னை ஆட்டிவிட்டது. நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை எடுத்தார் என்றாய். நம்பரை முதலிலேயே பிடித்து வைத்திருந்ததால்தானே கூப்பிட முடிந்தது? வேலையில் சேர்ந்து நான்கு மாதத்தில் இது கைக்கு வந்துவிட்டதே.

நீ இருப்பது 999 அவசர எண்ணின் முன்வாசல். போலீசா, தீயணைக்கிற போம்பாவா, ஆம்புலன்ஸா என்று கேட்டுப் பிரித்து அனுப்புகிற இடம். நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது பின்கட்டு. ஈப்போவில், ஆம்புலன்ஸ் அழைப்புகள் வந்து விழுகிற அறை. மருத்துவ உதவி அதிகாரி என்று பேர், பாதி நாள் ஊசியைத் தொட்டதில்லை, காதில் ஹெட்போனோடுதான் பொழுது போகும். முன்வாசலில் இருப்பவர் எப்படி வாங்கி அனுப்புகிறார் என்பது பின்கட்டில் இருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். இடமும் போன் நம்பரும் சரியாக வந்துவிட்டால் மற்றதை நாங்கள் கேட்டுக்கொள்வோம். நோயின் பேரை அழகாக எழுதி, இடம் என்ற கட்டத்தில் 'எஸ்டேட்' என்று மட்டும் போட்டு அனுப்புகிறவர்களை நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

அவரை எப்படி அடக்கியிருக்கலாம் என்று கேட்டாய். அடக்க முடியாது. கேள்வி கேட்கிற நேரமெல்லாம் வீணாகிற நேரம் என்று அவர் நினைக்கிறார். வண்டி புறப்பட்டுவிட்டது என்று உன் இடத்திலிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொய்யாகிவிட்டால் அடுத்த பத்து நிமிடம் அவர் யாரையும் நம்ப மாட்டார். "ஐயா, லைன்லயே இருங்க, ஆம்புலன்ஸ்காரங்ககிட்டதான் குடுக்கிறேன். அதுக்குள்ள லைன் அறுந்துட்டா உங்கள எங்க தேடுறது?" என்று கேட்டுப் பார். கோபக்காரர்கள்கூட இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள்.

இந்த வேலையை நான் ஈப்போவில் கற்றுக்கொண்டதாக நீ நினைக்கிறாய். பத்து வயதிலேயே ரப்பர் தோட்டத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், கெடுத்தும் இருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கம் அது. 999 என்பது 1937-இல் லண்டனில் வெள்ளைக்காரன் தொடங்கிய எண். நம் தோட்டத்தில் அதைச் சுழற்ற போன் வேண்டுமே? ஆபீசில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று, அவ்வளவுதான். பெரியம்மாவுக்குப் பால்மரக் காட்டில் பாம்பு கடித்துவிட்டது. பால் பிடிக்கிற மங்கு கழுவிக்கொண்டிருந்த என்னை, ஓடிப்போய்ச் சொல் என்று விரட்டினார்கள். நான் மூச்சு வாங்க ஓடி, வழியில் வந்த, வேலையை மேற்பார்க்கிற தண்டலிடம் சொன்னேன். அவர் சைக்கிளில் போய் ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணியிடம் சொன்னார். கிராணி, தோட்டத்தில் மருந்து கட்டுகிற டிரஸருக்கு ஆள் அனுப்பினார். "பாம்பு கடிச்சிருச்சு" என்று நான் சொன்னது டிரஸர் காதுக்குப் போனபோது "பாம்ப அடிச்சாச்சு" என்று ஆகியிருந்தது. அடித்தாகிவிட்ட பாம்புக்கு டிரஸர் எதற்கு? அவர் பாட்டுக்குப் பசியாறிக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் மகன் இரண்டாம் தடவை ஓடிவந்து கத்தியபிறகுதான் பையைத் தூக்கினார். பெரியம்மா பிழைத்துக்கொண்டார், கால் புண் ஆறத்தான் மாதக்கணக்கு ஆயிற்று. இன்றைக்கும் யார் எதைச் சொன்னாலும் நான் ஒருதடவை திருப்பிச் சொல்வேன். அம்மாவுக்கு அது எரிச்சல். "வெங்காயம் ரெண்டு கிலோ, சரியா?" என்று நான் கேட்டால், "ஆம்புலன்ஸா அனுப்பப் போறீங்க?" என்பாள்.

அப்புறம், எங்கே என்கிற விஷயம். நம் ஆட்கள் முகவரி இல்லாமலே இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள், இதை மறந்துவிடாதே. ரெண்டாவது டிவிசன், மேட்டு லயம், கடைசி வீடு என்றால் கடிதம் வந்து சேரும். பால்மரத்தை வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள், சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கு வந்துவிட்டார்கள். இன்னமும் "ஆயாக்கொட்டகைக்கு எதிர்த்தாப்போல" என்றுதான் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொண்ட அந்தக் கொட்டகை இடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஆம்புலன்ஸ் டிரைவர் வெளி மாநிலத்துக் கிளந்தான்காரராக இருப்பார், அவருக்கு நான் எந்தக் கொட்டகையைக் காட்டுவது? கணினி வரைபடமும் கைகொடுக்காது, தோட்டம் முழுவதையும் ஒரே பச்சையாகக் காட்டும். கைப்பேசிக் கோபுரத்தை வைத்துத் தேடினால் அந்த வட்டத்துக்குள் மூன்று டிவிசன் அடங்கிவிடும்.

எனக்குத்தான் எல்லாத் தோட்டமும் தெரியுமே என்ற திமிர் எனக்கு இருந்தது. உன்னிடம் இதுவரை சொல்லாத கதை ஒன்று. ஒரு ராத்திரி ஒரு அம்மா கூப்பிட்டார், மகளுக்கு வலி கண்டுவிட்டதாம். எங்கே என்றேன், "புதுத்தோட்டம்" என்றார். பலகையில் ஒரு பேர் இருக்கும், நம் ஆட்கள் வாயில் வேறு பேர் இருக்கும். எனக்குத் தெரிந்த புதுத்தோட்டம் லிந்தாங் போகிற பாதையில் இருந்தது. வேறெதுவும் கேட்காமல் வண்டியை அங்கே அனுப்பினேன். அவர் சொன்னது ஈப்போவுக்குத் தெற்கே இருந்த இன்னொரு புதுத்தோட்டம். டிரைவர் லயத்தில் கதவு கதவாகத் தட்டி, பிள்ளைத்தாய்ச்சி யாரும் இங்கே இல்லை என்று கூப்பிட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேறு வண்டி போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி பிரசவம் பார்த்து, பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். தாயும் பிள்ளையும் நலம். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து, தெரிந்த பேர் காதில் விழுந்தால்தான் நான் அதிகமாகக் கேள்வி கேட்பேன். பக்கத்துப் பட்டணம் எது? பெரிய ரோட்டிலிருந்து எத்தனையாவது கட்டை (மைல்கல்)? தமிழ்ப்பள்ளி பேர் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியைக் குறித்துக்கொள். சொந்த முகவரி தெரியாத பெரியவருக்கும் பேரப்பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் பேர் தெரியும், பள்ளிக்கூடம் வரைபடத்திலும் இருக்கும்.

இன்னொன்று. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும், காவல்கார ஜாகா எங்கேயோ தூங்குவார். "மோட்டர் சைக்கிள் வச்சிருக்கிற பையன் யாராச்சும் இருக்கானா? லைட்டப் போட்டுக்கிட்டு ரோடு பிரியுற சிம்பாங்ல வந்து நிக்கச் சொல்லுங்க" என்று நாங்கள் சொல்வது வழக்கம். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் ஒருத்தனுக்காவது ஒரு வேலை கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

பேர் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஐந்தரை மணி, பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஆள் கிளம்புகிற நேரம். வயதான அம்மா ஒருவர், "எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றார். நான் படிவத்தில் இருந்தபடி நோயாளி பேர் என்ன என்றேன். சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்கிறேன். அப்புறம் மெதுவாக, "வேலத் தூக்கிட்டு நிக்கிறாரே, அவரோட அண்ணன் பேரு" என்றார். வீட்டுக்காரர் பேரை அவர் வாயால் சொன்னதே கிடையாது. அன்றைக்கும் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வியில் பத்து விநாடி போயிற்று. அதற்கப்புறம் பேரைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

"மூச்சு இருக்கா?" என்றேன். "கொறட்ட விடுறாரு" என்றார். போனை அவர் வாய்ப்பக்கம் வைக்கச் சொன்னேன். கர்ர் என்று ஒரு இழுப்பு, நீண்ட அமைதி, மறுபடி ஒரு இழுப்பு. அது குறட்டை இல்லை பாப்பா. இதயம் நின்றபின் சில நிமிடம் உடம்பு அப்படி இழுக்கும், வீட்டில் இருப்பவர்கள் தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். 'எழுப்பினால் எழவில்லை, குறட்டை மட்டும் வருகிறது' என்று யாராவது உன்னிடம் சொன்னால் ஒரு நொடி வைத்திருக்காதே, உடனே எங்கள் பக்கம் தள்ளு. அவரைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கச் சொல்லி, நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடிப்பக்கத்தை வைத்து, மேலே மற்றக் கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அமுக்கச் சொன்னேன். ஐந்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை. சென்டிமீட்டர் அந்த அம்மாவுக்கு எதற்கு? "உரல்ல மாவு இடிக்கிற மாதிரி, நிறுத்தாம" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று நானும் கூடவே எண்ணினேன். களைத்தபோது மகன் மாறிக்கொண்டான். வண்டி போய்ச் சேரப் பதினேழு நிமிடம் ஆயிற்று, அதுவரை அவர்கள் கை நிற்கவில்லை. பெரியவர் பிழைக்கவில்லை. எண்ணியது அன்றைக்கு முழுக்க என் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கி ஊஞ்சல் ஆட்டியதும் அந்தத் தாளத்தில்தான். உனக்கு அப்போது மூன்று வயது, ஞாபகம் இருக்காது.

பொய் அழைப்புகளைப் பற்றி நீ புலம்பியதற்கு என்னிடம் மருந்து இல்லை. 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் அது குற்றம், ஆனால் அதைப் படித்துவிட்டா விளையாடுகிறார்கள்? பள்ளி விடுமுறையில் இன்னும் கூடும். பல்லைக் கடித்துக்கொள்.

பாட்டி சேதி சொல்லவில்லையே. நீ அவசர அழைப்பில் வேலை செய்கிறாய் என்று அம்மா சொன்னதும், "அவசரகாலம் மறுபடியும் வந்திருச்சா?" என்று பயந்துவிட்டார். அவருக்கு அந்தச் சொல் 1948-தான். அந்த ஜூன் 16-இல் நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டதும் அவசரகாலம் பிறந்தது, 1960 வரைக்கும் இழுத்தது. அப்போது பாட்டிக்குப் பத்து வயது. இது வேறு அவசரம், பேத்தி போன்தான் எடுக்கிறாள் என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

புரிந்த பிறகு, தனக்கு ஏதாவது ஆனால் பேத்திதான் எடுப்பாளா என்று கேட்டார். யார் எடுத்தாலும் முகவரி சொல்லத் தெரிய வேண்டும் என்று சொல்லி, தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒப்பிக்க வைக்கிறேன். நேற்றுத்தான் வீட்டு எண், லோரோங் (சந்து), தாமான் பேர், அஞ்சல் எண் 31100 என்று ஒன்று விடாமல் சொன்னார். சபாஷ் என்றேன். உடனே, "இவ்வளவு எதுக்குடா? காளியம்மன் கோயிலுக்குப் பின்னாலன்னு சொன்னா வண்டிக்காரன் வந்துட்டுப் போறான்" என்றார்.

அன்புடன்,
அப்பா