தொட்டுப் பார்க்கச் சொல்லும் தோட்டம்

புரூக்ளின், நியூயார்க்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் பெரியப்பாவும் சௌக்கியமா? வரும் கோடையில் பெரியப்பாவை இங்கே கூட்டி வந்தால் எங்கெல்லாம் போகலாம், கண் தெரியாதவருக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மற்ற இடமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் புரூக்ளின் தாவரவியல் தோட்டத்துக்குள் இருக்கும் நறுமணத் தோட்டத்துக்குப் போங்கள்.

மொத்தத் தோட்டம் 52 ஏக்கர். அதில் இது ஒரு சின்ன மூலைதான். ஆலிஸ் ரெக்னேகல் ஐரிஸ் என்ற தோட்ட வடிவமைப்பாளர் 1955-இல் அமைத்தது. பார்வையற்றவர்களை மனத்தில் வைத்து இந்த நாட்டில் உருவான முதல் தோட்டம் இதுதான். பாத்திகளைச் சுவர் கட்டி உயர்த்தியிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் இலை தட்டுப்படும், குனிய வேண்டாம். செடிகளின் பெயர் பிரெயிலிலும் இருக்கிறது. தொட்டு உணரும் செடிகள், இலையில் மணம் உள்ளவை, பூவில் மணம் உள்ளவை, சமையல் மூலிகைகள் என்று நான்கு பகுதிகள். தண்ணீர் விழும் ஒரு நீரூற்றும் உண்டு. ஒரு மணம் கையில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கழுவிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகலாம்.

போகும் நாளையும் நேரத்தையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் செர்ரி பூக்கும்போது கூட்டம் நெரியும், அந்த இரைச்சலில் பெரியப்பாவுக்கு ஒன்றும் புரியாது. மணமுள்ள ஜெரேனியம் மாதிரியான செடிகள் உறைபனியில் செத்துப்போகும். வசந்தத்தில் புதிதாக நட்டு, ஜூன் நடுவில்தான் கைக்கு நன்றாகக் கிடைக்கும். அங்கிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். பனித்துளி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். இலையின் எண்ணெய் ஆவியாகக் கொஞ்சம் சூடு வேண்டும். ஆனால் உச்சி வெயிலும் காற்றும் சேர்ந்தால் மணம் மூக்குக்கு வருவதற்குள் கலைந்துவிடும். பூப்பகுதியில் தேனீயும் அந்நேரம்தான் அதிகம்.

இனி முக்கியமான விஷயம். பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்துச் செடிமேல் வைக்காதீர்கள். எது வரப்போகிறது என்று தெரியாத கை தானாகவே பின்னுக்குப் போகும். நடக்கும்போது அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் போங்கள். பாத்திக்கு வந்ததும் முதலில் சுவர் விளிம்பைக் காட்டுங்கள். பிறகு உங்கள் கையை இலைமேல் வையுங்கள். அவர் உங்கள் மணிக்கட்டிலிருந்து விரல் வரை தடவிக்கொண்டு தானே இலைக்கு இறங்கி வருவார். இந்த முறையில் பயமே இருக்காது.

இலையைக் கசக்கக் கூடாது. ஜெரேனியம் இலையில் பொடிப்பொடி ரோமங்கள் இருக்கும், அவற்றின் நுனியில்தான் எண்ணெய்ப் பை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக ஒருமுறை உரசினாலே அது உடைந்துவிடும். பிறகு விரலை முகர்ந்தால் போதும், முகத்தைச் செடிக்குள் கொண்டுபோக வேண்டாம். அழுத்திக் கசக்கினால் பச்சை நெடிதான் முன்னால் வரும். புதினா இலை என்றால் அந்த இடம் கறுத்தும் போகும். ரோஸ்மேரியை அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள், எதிர்த்திசையில் உருவினால் இலை உதிரும். லேம்ப்ஸ் இயர் என்று ஒரு செடி இந்த மாதிரித் தோட்டங்களில் அடிக்கடி இருக்கும். வெள்ளைக் கம்பளித் துணியைத் தொட்டது போலவே இருக்கும் அதன் இலை. ஆனால் அந்த ரோமம் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால், மழைக்கு மறுநாள் கசகசவென்று இருக்கும். இங்கத்திய புழுக்கத்தில் நடுஇலைகள் அழுகுவதும் அதனால்தான். வெளிவரிசை இலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

பெயரை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். பெயர் காதில் விழுந்துவிட்டால் மூக்கு அதையே தேடும். இரண்டு மூச்சு முகர்ந்து அவராக ஏதாவது சொல்லட்டும். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். அதனால் நாலைந்து செடிக்கு ஒருமுறை நீரூற்றுப் பக்கம் உட்கார வைத்து, சும்மா காற்றை இழுக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் சரியாகப் போகாது, துடைக்க உலர்ந்த துண்டு வேண்டும். அன்றைக்கு யாரும் சென்ட் பூச வேண்டாம். மணமில்லாத சன்ஸ்க்ரீன் நான் வாங்கி வைக்கிறேன்.

மூலிகைப் பகுதியில் எதையும் கிள்ளி வாயில் போடக் கூடாது. வேறு தோட்டத்துக்குப் போனாலும் சதாப்பு இலை இருந்தால் தொடவிடாதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும்.

நான்கு பகுதியையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்காதீர்கள். இரண்டு போதும். என்னைக் கேட்டால் தொடும் பகுதியிலும் இலை மணப் பகுதியிலும் தொடங்குவேன். பூ மணம் காற்றை நம்பியது, இலை மணம் நம் கையில் இருக்கிறது.

போவது சுலபம். க்யூ (Q) என்ற தடத்து ரயிலில் புராஸ்பெக்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் தோட்டம் பக்கம்தான், சக்கர நாற்காலிக்கும் வசதி உண்டு. பஸ்ஸில் போனாலும் கவலையில்லை. ஏறுபவருக்காக வண்டியே முன்பக்கம் தாழ்ந்து கொடுக்கும். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புமுன் பார்த்துச் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு இழுப்புத் தொந்தரவு இப்போது எப்படி இருக்கிறது? எந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அந்தப் பாத்தியை விட்டு விலகிப் போகும்படி வழியை முன்கூட்டியே பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
தம்பி