சேவை நிறுவனங்களின் நிரலகங்கள் பொதுக் களஞ்சியங்களில் வெளிவர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

திருகோணமலை மாவட்டத்தில் சிறு வியாபாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு குறையைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். குறுஞ்செய்தி அனுப்புதல், இணையவழிக் கட்டணம் பெறுதல், ஆசனப் பதிவு போன்ற சேவைகளை நாட்டில் விற்கும் நிறுவனங்கள் பல, தமது சேவையுடன் பிறருடைய மென்பொருளை இணைப்பதற்கான நிரலகத்தை இன்னும் மின்னஞ்சலில் சிப் (ZIP) கோப்பாகவே, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒற்றைக் கோப்பாகவே, அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த நிரலகங்களை, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் இடமளிக்கும் திறந்த மூல உரிமத்துடன், எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய பொதுக் களஞ்சியங்களில் வெளியிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு நிறுவனத்தின் சேவைக் கணினியோடு நமது மென்பொருள் பேச வேண்டுமானால், எந்த முகவரிக்கு, எந்த வடிவில், எந்தச் சாவியுடன் (கடவுச்சொல் போன்ற இரகசியக் குறியீட்டுடன்) பேச வேண்டும் என்பதையெல்லாம் அறிந்த சிறு நிரல்தொகுப்பு ஒன்று இடையில் தேவைப்படுகிறது. கிளையன்ட் லைப்ரரி என்று துறையினர் அழைப்பது இதைத்தான். இக்கடிதத்தில் இணைப்பு நிரலகம் என்று குறிப்பிடுகிறேன். கடையிலோ சங்கத்திலோ கணினியின் முன் அமர்ந்திருப்பவர் இதைக் கண்ணால் காண்பதில்லை. அது பழுதுபடும் அன்றுதான் அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவரும்.

கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்காக நான் எழுதிய மென்பொருள், ஐஸ் கையிருப்பையும் கடன் தவணையையும் அங்கத்தவர்களுக்கு நாள்தோறும் காலையில் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஒரு திங்கட்கிழமை காலையில் செய்திகள் போகவில்லை. மூன்று நாட்கள் தொலைபேசியில் அலைந்த பின்னர்தான், குறுஞ்செய்தி நிறுவனம் தனது சேவைக் கணினியின் முகவரியை மாற்றிவிட்டதும், அதற்கான புதிய சிப் கோப்பைச் சங்கத்திலிருந்து எப்போதோ விலகிவிட்ட ஓர் எழுதுவினைஞரின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்ததும் தெரியவந்தது. புதிய கோப்பின் பெயரும் பழைய கோப்பின் பெயரும் ஒன்றேதான். பதிப்பு எண் இல்லை, மாற்றக் குறிப்பு இல்லை. இரண்டையும் விரித்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு வரி மட்டும் மாறியிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே மூன்று நாட்கள் போயின.

ஆனால் அந்த ஒப்பீட்டில் இன்னொன்று கண்ணில் பட்டது. பழைய கோப்பில் நான் முன்னர் செய்திருந்த ஒரு திருத்தம் புதிய கோப்பில் இல்லை. இருக்க வழியுமில்லை, ஏனெனில் அது என் கணினியில் மட்டுமே இருந்தது. அந்தத் திருத்தம் எதைப் பற்றியது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் எழுதினால் வழக்கமாக அது 70 யூனிகோடு குறியீடுகளாகக் குறைந்துவிடும். 71ஆவது குறியீடு வந்தவுடன் செய்தி இரண்டாகப் பிரிந்து, இரண்டு செய்திகளுக்கான கட்டணம் அறவிடப்படும். எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘திருகோணமலை’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 10 குறியீடுகள். ஆனால் ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு முறை, இரட்டைக் கொம்பையும் அரவையும் (காலையும்) தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் அதே ஊர்ப்பெயர் 11 குறியீடுகளாகிவிடுகிறது. திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது. சங்கத்தின் பழைய அங்கத்தவர் பட்டியல் யூனிகோடு முறையில் அமையாத பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. அதில் இரட்டைக் கொம்பு, ககரம், அரவு என ‘கோ’ மூன்று துண்டுகளாகவே இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியவர்கள் கொம்பையும் அரவையும் பிரிந்தபடியே விட்டுவிட்டார்கள். யோகராசாவும் கோணேஸ்வரியும் நிறைந்த பட்டியலில், 66 குறியீடுகளில் முடிய வேண்டிய செய்தி, ஐந்து ஓகாரங்கள் பிரிந்து நின்றதால் 71 ஆகி, இரட்டைக் கட்டணத்துக்கு ஆளானது. மாதாந்தப் பற்றுச்சீட்டில் செய்திகளின் எண்ணிக்கை ஏன் அங்கத்தவர் எண்ணிக்கையைத் தாண்டுகிறது என்று செயலாளர் கேட்டுக்கொண்டேயிருந்தார். யூனிகோடு தரமே இதற்கு இயல்பாக்கம் என்ற தீர்வை வகுத்து வைத்திருக்கிறது. அனுப்புமுன் உரையை அதன்படி ஒருங்கிணைத்தால் போதும். நிரலில் அது ஒரே வரி. அந்த வரியைத்தான் நான் அவர்களுடைய இணைப்பு நிரலகத்தில் சேர்த்திருந்தேன்.

புதிய கோப்பில் அது இல்லாமற் போனபின், சங்கத்தின் மென்பொருளிலேயே, நிரலகத்தை அழைக்குமுன் உரையை ஒருங்கிணைத்து நான் தப்பித்துக்கொண்டேன். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதே சிப் கோப்பை வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? தமக்கு இரட்டைக் கட்டணம் விழுவதே அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். நிரலகம் பொதுக் களஞ்சியத்தில் இருந்திருந்தால் நான் அந்த ஒரு வரியை நிறுவனத்துக்கு முன்மொழிந்திருப்பேன். அவர்கள் ஆராய்ந்து அடுத்த பதிப்பில் சேர்த்திருப்பார்கள். ஏனையோர் ஒரு கட்டளையில் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டிருப்பார்கள். முகவரி மாறிய செய்தியும் ஒரு பதிப்பு எண்ணோடு உரியவர்களைச் சென்றடைந்திருக்கும்.

இதற்கான இடங்கள் புதியவையல்ல. பேர்ல் மொழிக்கான சீபான் 1995இலிருந்து இயங்குகிறது. இன்று பைதனுக்குப் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், ஜாவாவுக்கு மேவன் சென்ட்ரல், பிஎச்பிக்குப் பேக்கஜிஸ்ட், டொட்நெட்டுக்கு நியூகெட் என ஒவ்வொரு மொழிக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. பொதுவில் வெளியிடுவதற்கு இவை கட்டணம் கேட்பதில்லை.

உரிமத்தைப் பற்றி நிறுவனங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணினி நிரலும் பாதுகாக்கப்பட்ட படைப்பே. உரிமம் எதுவும் குறிப்பிடாமல் அனுப்பப்படும் சிப் கோப்பில் ஒரு வரியை நான் திருத்துவதுகூட, கண்டிப்பாகப் பார்த்தால், கேள்விக்குரியது. எம்ஐடி, அப்பாச்சி 2.0 போன்ற திறந்த மூல உரிமம் ஒன்று ஒரு கோப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தால் இந்த ஐயம் எழாது. சேவையை விற்பதுதான் நிறுவனத்தின் வருவாய். சேவைக்கு இட்டுச் செல்லும் நடைபாதையைப் பூட்டி வைப்பதில் என்ன இலாபம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிரலை வெளியிட்டால் திருடர்களுக்கு வழி காட்டியதாகாதா என்று ஒரு நிறுவனத்தின் அதிகாரி என்னிடம் கேட்டார். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஒரு மறைமுறையின் பாதுகாப்பு அதன் அமைப்பை ஒளிப்பதில் தங்கியிருக்கக் கூடாது, சாவியைக் காப்பதில் மட்டுமே தங்கியிருக்க வேண்டும் என்று மறைமுறை அறிஞர் ஒகஸ்ட் கெர்க்கோவ்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். மேலும், வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் உள்ள கோப்பு இரகசியமாகவும் இருக்க முடியாது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எனக்கு வந்த ஒரு சிப் கோப்பின் மாதிரி நிரலில், முன்பின் தெரியாத வேறொரு வாடிக்கையாளரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருந்தன. தனிப்பட்ட முறையில் அனுப்புகிறோம் என்ற நினைப்பே இத்தகைய அசட்டையை வளர்க்கிறது. ஊர் பார்க்கும் என்று தெரிந்தால் வெளியிடுமுன் ஒருவராவது படித்துப் பார்ப்பார்.

வெளியிடாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்திய பொதிகளின் (நிரலகத் தொகுப்புகளின்) பெயர்களைக் கண்டறிந்து, அதே பெயர்களில் பொதுக் களஞ்சியங்களில் தன் பொதிகளை ஏற்றிய அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அப்பிள், மைக்ரோசொப்ட் உள்ளிட்ட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளில் தன் நிரலை ஓடவைத்ததாக 2021 பெப்ரவரியில் அறிவித்தார். அவர் தீங்கு செய்யவில்லை. எல்லோரும் அப்படி இருக்க மாட்டார்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரில் நீங்கள் ஒரு பொதியை வைக்காவிட்டால், அதே பெயரில் வேறொருவர் வைக்கலாம். வாடிக்கையாளர்கள் அதை உங்களுடையதென்று நம்பித் தமது சாவிகளை அதனிடம் ஒப்படைக்கலாம்.

வெளியிட்டுவிட்டுக் கைகழுவுவதையும் நான் கேட்கவில்லை. 2016 மார்ச்சில், பெயர் ஒன்றைக் குறித்து எழுந்த தகராறில் ஒரு நிரலாளர் தன் பொதிகளையெல்லாம் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அவற்றுள் ஒன்றான 11 வரிகள் கொண்ட லெஃப்ட் பேட் இல்லாமற் போனதால் உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டமைக்க முடியாமற் போனது. அதன் பின்னர் நீக்குவதற்கான விதிகளை என்பிஎம் இறுக்கியது. மேவன் சென்ட்ரலிலோ ஒருமுறை வெளியிட்டதை மாற்றவோ நீக்கவோ முடியாது. 2018இல் ஈவன்ட் ஸ்ட்ரீம் என்ற பொதியைப் பராமரித்து வந்தவர், உதவ முன்வந்த அறிமுகமற்ற ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்க, வந்தவர் அதற்குள் பிட்கொயின் திருடும் நிரலைப் புகுத்தினார். ஆகவே வெளியீட்டு உரிமை யாரிடம் இருக்கிறது, அவர் வேலையை விட்டுப் போனால் அது யாரிடம் செல்லும் என்பதை நிறுவனம் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். பழைய பதிப்பு பிழையானதென்றால் அதை அழிக்காமல், பயன்படுத்த வேண்டாமென்று குறியிட வேண்டும். பழைய வாடிக்கையாளரின் நிரலை முறிக்கும் மாற்றமென்றால் பதிப்பின் முதல் எண்ணை உயர்த்த வேண்டும். வெளியீட்டுக்கான கடவுச்சொல்லை யாருடைய மடிக்கணினியிலும் வைக்கத் தேவையில்லாத முறையைப் பைபிஐ 2023இலிருந்து வழங்குகிறது.

இவையெல்லாம் நம் நாட்டுக்கு அப்பாற்பட்ட வேலைகள் என்று எவரும் சொல்ல முடியாது. திறந்த மூல மென்பொருளை வளர்க்கும் லங்கா மென்பொருள் அறக்கட்டளை 2003இல் தொடங்கப்பட்டது. இணையச் சேவைகளை இயக்கும் திறந்த மூல மென்பொருளான அப்பாச்சி அக்சிஸ்2இன் பெரும்பகுதி இலங்கை நிரலாளர்களின் கைவண்ணம். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் கரையையும் கடல் கொண்டபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்காக இங்குள்ள தொண்டர்கள் சில நாட்களில் எழுதிய சஹானா, திறந்த மூலமாக இருந்த காரணத்தாலேயே அடுத்த ஆண்டில் பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. அதை யாரோ ஒருவரின் மின்னஞ்சலில் சிப் கோப்பாக வைத்திருந்தால் இந்தக் கரையைத் தாண்டியிருக்காது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி அறிவியல் பயிலும் மாணவர்களிடம் இத்தகைய ஒரு நிரலகத்தைப் பராமரிக்கக் கொடுத்தால், இறுதியாண்டுச் செயற்றிட்டம் என்று இறுவட்டில் எழுதி அலுமாரியில் அடுக்குவதைவிட அவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பயனாயிருக்கும்.

பொதுமக்களின் பணத்தைக் கையாளும் சேவைகளுக்காவது, இணைப்பு நிரலகத்தை உரிமத்தோடும் பதிப்பு எண்ணோடும் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்பதை, அச்சேவைகளை வாங்கும் அரச அலுவலகங்களும் சங்கங்களும் தமது கேள்விப்பத்திரத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். வாங்குபவர் கேட்டால் விற்பவர் செய்வார். நானே இரண்டு முறை எழுதிக் கேட்டும் ‘குறித்துக்கொண்டோம்’ என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

சங்கத்தின் செய்திகள் இப்போது ஒழுங்காகப் போகின்றன, இரட்டைக் கட்டணமும் விழுவதில்லை. ஆனால் பழைய பற்றுச்சீட்டுகளை மறக்காத செயலாளர், எத்தனை முறை விளக்கிச் சொன்னாலும், செய்தியின் தலைப்பில் ‘திருகோணமலை’ என்று எழுத மறுத்து, ‘திருமலை’ என்றே எழுதி அனுப்புகிறார்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதுநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.