சித்திரையில் கலியாணத்தை வைக்காதே

திருகோணமலை

அன்புள்ள ராஜி,

உன் நாவலின் பிரதியை உன் மருமகன் கொண்டுவந்து தந்தான். இங்கே எல்லோரும் சுகம்; அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி. மழை பிந்திவிட்டதால் ஊர் வெந்துகொண்டிருக்கிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாசித்து முடித்ததிலிருந்து எனக்கு வேறு நினைவே இல்லை.

கதாநாயகன் யாரென்று எனக்குப் பிடிபடாது என்று நினைத்தாயோ? அந்த நடை, சட்டைப் பையில் அந்தச் சீப்பு, பேசுவதற்கு முன் அந்தத் தொண்டைச் செருமல்! மடத்தடியில் சைக்கிளோடு நின்ற ஆளுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உத்தியோகம் கொடுத்து, கந்தளாய்க்கு இடமாற்றமும் வாங்கிக் கொடுத்து, உயரத்தையும் ஒரு சாண் கூட்டிவிட்டாய். பூட்ஸ் மாமியின் கையில் மட்டும் இந்தப் புத்தகம் அகப்படக் கூடாது.

ஆனால், சிறுபோகத்துக்குத் துருசு, அதுதான் குளத்து மதகு, திறக்கும் அந்த அத்தியாயத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். காய்ந்து வெடித்த வாய்க்காலில் தண்ணீரின் முனை சருகையும் வைக்கோலையும் அழுக்கு நுரையையும் தள்ளிக்கொண்டு வர, பிள்ளைகள் அதற்கு முன்னால் கத்திக்கொண்டு ஓட, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் மகள் தன் வயதையும் மறந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடு ஓடுவதையும், அளவுகோலடியில் நின்றவன் கணக்கெழுத மறந்து அவளைப் பார்ப்பதையும் எழுதிய கை உன்னுடையதுதானா என்று வியந்தேன். கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் என்ற அரசன் பூதங்களைக் கொண்டு கட்டினான் என்று அம்மம்மா சொல்லும் கதையும் அழகு. இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்ற மற்ற வரலாற்றை அந்தத் திணைக்களப் பையன் சொல்லப்போக, "பூதங்கள் மண் சுமந்ததை உன் அரசாங்கப் புத்தகத்தில் எழுதவில்லையோ?" என்று கிழவி கேட்கும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். தம்பலகாமத்தார் குளக்கட்டில் நடத்திய வேள்வியையும் அதே அத்தியாயத்தில் கொண்டுவந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சின்னக் குறை ஒன்று: மாமனாரை மடக்க அவன் கொண்டுபோகும் மீன் எல்லாம் விராலாக இருக்கிறது. 1952 இல் கொண்டுவந்து விட்ட ஜப்பான் மீன்தான், அந்தத் திலாப்பியாதான், பிறகு நம் குளங்களில் வலைநிறைய வந்தது. காதலன் அதைக் கொண்டுபோனால் கௌரவம் குறைந்துவிடுமா?

பெரிய குறைக்கு வருகிறேன். கலியாணத்தை 1986 ஆம் ஆண்டு, சித்திரை வருடம் பிறந்து மூன்றாம் நாள் வைத்திருக்கிறாய். பெண் வீட்டு முற்றத்தில் நின்றால் குளக்கட்டு தெரியும் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியும் இருக்கிறாய். ராஜி, ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் அந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நீ 'சுபம்' போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மாவட்டத்தில் வாசிக்கும் எவரும் அந்தப் பந்தலைப் பார்த்தவுடன் விரல்விட்டு நாளெண்ணத் தொடங்குவார்கள். உன் கதையில் அந்தப் பிள்ளைகள் இரண்டும் பந்தல் பிரிக்கும் முன்பே அந்த வீட்டில் படுத்துக் கிடக்கிறார்கள். எனக்கு அன்று இரவு நித்திரையே வரவில்லை.

மனதுக்கு இதமாக ஒரு கதை எழுத எனக்கு உரிமை இல்லையா என்று நீ சண்டைக்கு வருவாய். இருக்கிறது. அந்த வருடங்களில் நமக்கு நடந்த மற்றவற்றை நீ தொடாமல் விட்டதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் எல்லாக் கதையும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் குளத்தையே கதையின் உயிராக வைத்துக்கொண்டு, அந்தக் குளம் செய்ததை மட்டும் மறைப்பது வேறு விஷயம். ஆண்டை மாற்றிவிடு என்று சொல்வது சுலபம். எனக்கு அது பிடிக்கவில்லை. கலியாணத்தைத் தள்ளிப் போடு, வெள்ளம் முதலில் வரட்டும். பாரமான வாகனங்கள் குளக்கட்டின் மேலால் போய்வந்ததும் ஒரு காரணம் என்று பின்னர் பேசினார்கள் அல்லவா? நாள்தோறும் நீர்மட்டம் பார்க்கிற உன் கதாநாயகன் அதைக் கண்டு மேலே எழுதி, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டால், சீப்பைத் தவிர அவனுக்கு வேறொரு குணமும் கிடைக்கும். வட்டவிதானையின் கோபமும் அங்கேதான் அடங்க வேண்டும். இப்போது ஒரு விராலுக்கு அடங்கிவிடுகிறது. ஆவணியில், பந்தலும் மேளமும் இல்லாமல், இரவல் கூறைச் சேலையில் அவள் கழுத்து நீட்டட்டும். அப்போதும் இதமான கதைதான். நான் இன்னும் கூட அழுவேன்.

கடைசி மூன்று அத்தியாயங்களையும் மாற்றி எழுதி அனுப்பு. எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். வட்டவிதானை நடுவில் ஓரிடத்தில் கந்தையா, பிறகு கனகசபை; எது என்று முடிவு செய். பூட்ஸ் மாமிக்கு உன் சுகத்தைச் சொன்னேன், நாவலைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்புடன்,
மல்லிகா