பணம் வந்த பிறகு வரி வாங்குங்கள்: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஜிஎஸ்டி கவுன்சில் தலைவருக்கும், உறுப்பினர்களான மாநில அமைச்சர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியில் மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். வேலை கொடுக்கும் கம்பெனிக்காரரைப் பார்ட்டி என்போம். அவர் சலான் (சரக்கோடு வரும் சீட்டு) போட்டு இரும்பை அனுப்புவார். புஷ், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் என்று கடைந்து கொடுத்துவிட்டு, கூலிக்கு மட்டும் நாங்கள் லேபர் பில் போடுவோம். இதுதான் ஜாப் ஒர்க்.

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்புவுக்கு வரி குறைந்தது. வீட்டில் எங்களுக்கும் சந்தோஷம்தான். அதே நாளில் எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்குக்கு 12 சதவீதம் 18 ஆனது. மாதம் 2 லட்சத்துக்கு லேபர் பில் போட்டால் முன்பு 24,000 வரி, இப்போது 36,000.

வாங்கும் பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை இதில் கழிக்கலாம் என்பார்கள். நாங்கள் எதைக் கழிப்பது? சம்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, கரன்ட் பில்லுக்கும் கிடையாது. டூல் பிட், கட்டிங் ஆயில், ஏதாவது ஸ்பேர், அவ்வளவுதான். ஆகவே கிட்டத்தட்ட முழுத் தொகையையும் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் கொடுத்தாரா என்று போர்ட்டல் கேட்பதில்லை. நாள் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

நான் கட்டிய வரிக்குப் பார்ட்டி உடனே கிரெடிட் எடுத்துக்கொள்கிறார், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்கிறார். எனக்குப் பணம் தராவிட்டாலும் 180 நாள் வரை அதை அவர் திருப்ப வேண்டியதில்லை.

போன ஆண்டு ஒரு 20-ஆம் தேதிக்காகத் தண்டல் வாங்கினேன். ஒரு லட்சம் என்று எழுதி, 85,000 கையில் கொடுத்தார்கள். தினம் 1,000 வீதம் 100 நாள். சாயங்காலம் பைக் வந்து வாசலில் நிற்கும். லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்ப் பணத்தைக் கொடுத்து அட்டையில் குறித்து வாங்குவேன். அரசுக்கு வரி கட்டுவதற்காக வாங்கிய கடன் அது. பார்ட்டியிடம் கேட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறுந்தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து, நாள் கடந்த பாக்கியைக் கொடுக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் புகார் போட்டவனுக்கு மறுநாள் சலான் வராது. ஆறு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டிய நான் எந்த தைரியத்தில் புகார் போடுவேன்?

சிறு தொழில்களுக்கான காம்போசிஷன் திட்டத்துக்குப் போகலாமே என்று ஆடிட்டர் சொன்னார். அதில் 6 சதவீதம்தான், ஆனால் பார்ட்டிக்கு கிரெடிட் கிடைக்காது. அப்புறம் வேலை அடுத்த பட்டறைக்குப் போய்விடும்.

நான் கேட்பது புதிதல்ல. 2012 முதல் ஜிஎஸ்டி வரும்வரை, 50 லட்சத்துக்குள் சேவை செய்த தனிநபர்களும் பார்ட்னர்ஷிப்களும் பணம் கைக்கு வந்த பிறகே சேவை வரி கட்டலாம் என்று இருந்தது. அதையே 50 லட்சத்துக்குள் பில் போடும் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குத் திரும்பக் கொடுங்கள். பார்ட்டிக்கும் பணம் கொடுத்த பிறகே கிரெடிட் என்று வையுங்கள். வரி வரும்போதுதான் கிரெடிட்டும் போகும், அரசுக்கு நஷ்டமில்லை. கிரெடிட் வேண்டுமென்றால் பார்ட்டியும் பாக்கியைச் சீக்கிரம் தீர்ப்பார்.

கவுன்சிலில் இருக்கும் நம் மாநில நிதியமைச்சர் இதை அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடி பட்டறைக்காரன் ஒருவன்