முதல் நாளில் எங்கே நிறுத்துவது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் உடல்நலப் பக்கத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். சமீப காலமாக அதில் '30 நாளில் தட்டையான வயிறு', '6 வாரத்தில் புதிய உடம்பு' என்ற ரகக் கட்டுரைகளே அதிகம் வருகின்றன, கூடவே கட்டுமஸ்தான இளைஞர்களின் படங்கள். அவற்றில் சொல்லியிருக்கும் பயிற்சிகள் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதுவரை உடற்பயிற்சியே செய்யாத ஒருவர் முதல் நாள் எவ்வளவு செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், மறுநாள் உடம்பு எப்படி இருக்கும் என்று ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் நான் இரண்டு வருடம் இழந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் முதல் முறையாக ஒரு ஜிம்மில் சேர்ந்தேன், ஒரு வருடக் கட்டணத்தையும் மொத்தமாகக் கட்டினேன். சேர்ந்த அன்றே முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 20 வீதம் 5 செட், அப்புறம் ஒரு காலை முன்னே வைத்து மடங்கும் லஞ்சஸ், அப்புறம் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்க், தம் பிடித்து. டிரெய்னர் எதையும் கேட்கவில்லை, நானும் எதையும் சொல்லவில்லை. முடித்து வீடு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் லேசான வலி. அதற்கு அடுத்த நாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன், கழிப்பறையில் உட்கார்ந்து எழ சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முட்டி போய்விட்டது என்றே நம்பினேன். அந்த ஜிம்முக்குப் பிறகு போகவே இல்லை.

பின்னால்தான் தெரிந்தது, அது முட்டி வலி இல்லை, தொடைத் தசை வலி. பழக்கமில்லாத வேலையைக் கொடுத்தால், அதுவும் எடையைத் தாங்கியபடி கீழே இறக்கும் வேலையைக் கொடுத்தால், தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்படும், உடம்பு அதைச் சரிசெய்யும்போது வலிக்கும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாகக் குறைந்துவிடும். பயிற்சியின்போது தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது பயிற்சி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனதுமே ரத்தத்திலிருந்து வடிந்துவிடும், இரண்டாம் நாள் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு யாரும் சொல்லாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: அதே பயிற்சியை ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தால் வலி முதல் தடவையைப் போல இருக்காது, வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் திரும்பப் போயிருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிச் செய்த பயிற்சிக்குப் பிறகு வலி தாங்க முடியாமல் போய், தசை வீங்கி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அது சாதாரண வலி இல்லை. தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாக ஆரம்பித்து முதல் நாளிலேயே அடித்துத் துவைத்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் ஒரு முறையாவது இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இரண்டாவது முறை நான் வீட்டில்தான் ஆரம்பித்தேன், ஒரு நாற்காலியை வைத்து. சக்கரம் இல்லாத, அசையாத நாற்காலி, சுவரை ஒட்டிப் போட்டது. பாதம் தோள் அகலத்துக்கு, கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்துக் குதிகாலை அழுத்தி எழ வேண்டும். எழுவது சுலபம், உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. பொத்தென்று விழாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும், கடைசி நாலு விரற்கடை தூரத்தில்தான் தொடை நடுங்கும். 8 தடவை, ஓய்வு, மறுபடி 8 தடவை, அவ்வளவுதான். அப்புறம் சுவரில் கை ஊன்றித் தண்டால், பையில் புத்தகங்களை அடுக்கிக் குனிந்த நிலையில் இழுப்பது. எல்லாம் சேர்த்து கால் மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள்.

ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொண்டேன்: இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிடுவது. முதல் இரண்டு வாரம் இது போதாது போதாது என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் மறுநாள் வேலைக்கு நிமிர்ந்து நடந்து போனேன், அடுத்த முறை பாயை விரிக்கத் தயக்கம் வரவில்லை. சுவரில் 15 தண்டால் சுலபமானதும் சமையல் மேடையின் விளிம்புக்கு வந்தேன், அங்கிருந்து உறுதியான ஒரு தாழ்வான பெஞ்சுக்கு, அப்புறம் தரைக்கு. தரையில் முதல் முழுத் தண்டால் எடுக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. கை ஊன்றும் இடத்தின் உயரம் குறையக் குறைய உடம்பின் எடை கைக்கு ஏறுகிறது, இதற்கு ஒரு டம்பெல் கூட வாங்க வேண்டியதில்லை. சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் பலம் வரும் என்பதும், வீட்டில் அதை எப்படிக் கூட்டுவது என்பதும் உங்கள் கட்டுரைகளில் ஏன் வருவதில்லை?

அவசரப்படக் கூடாது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர அதற்கப்புறம் பல வாரம் பிடிக்கும். எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் உறுதிப்படும். பலம் வந்துவிட்டது என்று எடையை மளமளவென்று கூட்டுகிறவர்கள் மூன்றாம் மாதம் முழங்கையையும் முழங்காலையும் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

30 நாள் கணக்குக்கு வருகிறேன். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010-ல் அச்சான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் செய்கிற பழக்கமாக மாற எடுத்த சராசரி காலம் 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆக 30-வது நாளில் வயிறு தட்டையாகாமல், பழக்கமும் ஒட்டாமல் நிற்கும் வாசகர் இயல்பான இடத்தில்தான் நிற்கிறார். உங்கள் தலைப்பு அவரைத் தோற்றுவிட்டோம் என்று நினைக்க வைக்கிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

நடைக்கும் இதே கதைதான். தினமும் 10,000 அடி என்பதை மருத்துவ உத்தரவு போல எழுதுகிறீர்கள். 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை '10,000 அடி மானி' என்று பொருள் வரும் பெயரில் விற்றதிலிருந்து பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வேறு: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும். முன்பு ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்ததையும் எடுத்துவிட்டார்கள், இப்போது படியேறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். படியேறுவதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1953-ல் வெளியான ஓர் ஆய்வில் லண்டன் மாடி பஸ்களில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள்.

ஜிம்முக்கே போக வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே இப்போது போகிறேன். வீட்டில் ஒரு வருடம் செய்துவிட்டு வேறு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன், செய்த பயிற்சிகளைக் குறித்து வைத்த என் நோட்டுப் புத்தகத்தோடு. அங்கிருந்த டிரெய்னர் சின்னப் பையன்தான், ஆனால் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, பழைய அடி, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் விசாரித்த பிறகு, "மேடம், எடை மாட்டாத வெறும் இரும்புப் பாரே 20 கிலோ இருக்கும், அது இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லி ஒரு துடைப்பக் கம்பைக் கொண்டுவந்தார். அதை என் முதுகோடு நீளவாக்கில் வைத்து, தலையின் பின்புறம், மேல்முதுகு, முதுகின் அடி மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டியபடியே இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும் என்றார். முதலில் ஒவ்வொரு முறையும் முதுகின் அடியிலிருந்து கம்பு விலகியது. இரண்டு வாரம் கம்புதான். தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்டில் எனக்கு இதுவரை முதுகு பிடித்ததே இல்லை. ஜிம் தேடுகிறவர்கள் கண்ணாடியையும் ஏசியையும் பார்ப்பதற்கு முன்னால், எடையைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்கும் டிரெய்னர் இருக்கிறாரா என்று பார்க்கட்டும். எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோமோ என்று என்னிடம் கேட்ட பெண்கள் நிறைய. தசையைப் பெரிதாக்க உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு, அப்படித் தற்செயலாக ஆகிவிட முடியாது. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேய்கிற பெண்களுக்கு இந்தப் பயிற்சி ரொம்பவே தேவை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை விடு, இதை விடு என்றே எழுதுகிறீர்கள். முதலில் எதைச் சேர்ப்பது என்று சொல்லுங்கள். உடம்பு எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது குறைந்தபட்சத் தேவை. பளு தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை உதவும். 60 கிலோ இருப்பவருக்கு அது 72 முதல் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9 கிராம் என்று எழுதிப் பார்த்தபோதுதான் நான் பாதி கூடச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்த்ததும் மாலை நாலு மணிக்கு வரும் கொலைப்பசி அடங்கியது, நொறுக்குத் தீனி தானாகக் குறைந்தது. சாப்பாட்டிலேயே கிடைத்துவிட்டால் புரோட்டீன் பவுடர் அவசியமில்லை, கிடைக்காதவர்களுக்கு அது ஒரு வசதி, அவ்வளவே. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அப்புறம், வயிற்றுக்கான பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று எழுதுவதை நிறுத்திவிடுங்கள், கொழுப்பு எங்கிருந்து முதலில் குறைய வேண்டும் என்பது நம் விருப்பப்படி நடப்பதில்லை. அரை மணி நேர நடைக்கு 60 கிலோ ஆளுக்குச் செலவாவது சுமார் 100 கலோரிதான், எடை குறைவது பெரும்பாலும் தட்டில்தான் தீர்மானமாகிறது. எடை மெஷினில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் காட்டினால் அது தண்ணீரும் உப்பும், அதைப் பார்த்து யாரும் பட்டினி கிடக்க வேண்டாம்.

இதய நோய் உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி உதவி தேட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் போடுங்கள்.

என் கோரிக்கை இதுதான். வாரம் ஒரு பயிற்சி போதும். அதற்குச் சுலபமான வடிவம், நடுத்தரம், கடினம் என்று மூன்று படம். படத்தில் இருப்பவர்களில் ஒருவராவது தொப்பையோடு, நரையோடு இருக்கட்டும். என் அம்மாவுக்கு 74 வயது. நான் நாற்காலியில் எழுந்து உட்காருவதை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் அவராகவே வந்து செய்தார், முதலில் இரண்டு கையையும் ஊன்றி, பின்னால் ஒரு கை. இப்போது கை ஊன்றாமல் ஐந்து முறை எழுகிறார். காலையில் பத்திரிகை வந்ததும் உடல்நலப் பக்கத்தை முதலில் பிரிப்பதும் அவர்தான், ஆனால் படங்களைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்துவிடுகிறார். அடுத்த மாதம் முதல் அவர் மடிக்காமல் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் வரட்டும்.

அன்புடன்,
உங்கள் நீண்டகால வாசகி